கிட்டார் கேள்வி-பதில்: கையை நான்கு விரற்கடை தள்ளிப் பாருங்கள்

ஒலியைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை பிரித்தெடுத்தேன். கம்பியை மாற்றலாமா, கிட்டாரையே மாற்றிவிடலாமா என்று கேட்டவர்கள் பலருக்கும் என் முதல் யோசனை ஒன்றுதான்: வலக்கை படும் இடத்தை மாற்றுங்கள். காசு செலவில்லை. (இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் திருப்பிப் படித்துக்கொள்ளவும்.)

ஒலித்துளைக்கு நேராகத்தான் மீட்ட வேண்டும் என்கிறார் என் ஆசிரியர். மேடையில் வாசிப்பவர்கள் பிரிட்ஜ் (கிட்டார் பெட்டியின் மேல் கம்பிகளைத் தாங்கும் கட்டை) பக்கம் போகிறார்களே, எது சரி?

ஆசிரியர் சொல்வது தொடங்குவதற்கு நல்ல இடம். அதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மிகத் தடித்த ஆறாவது கம்பியை எந்த ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) அழுத்தாமல் மூன்று இடங்களில் மீட்டிப் பாருங்கள்: 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேராக, ஒலித்துளையின் நடுவில், பிரிட்ஜிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி. சுருதி மாறாது. ஆனால் முதலாவது உருண்டையாக, சற்றே உள்ளீடற்று ஒலிக்கும். மூன்றாவது மெலிந்து கூர்மையாக வரும்.

கம்பி ஒரே ஒரு சுரத்தை எழுப்புவதில்லை. அடிச்சுரத்தோடு மேல் ஷட்ஜம், பஞ்சமம், இன்னும் மேலே அந்தர காந்தாரம் என்று மேற்சுரங்களும் கூடவே பிறக்கின்றன. தம்பூராவின் மந்தரக் கம்பியில் காந்தாரம் கேட்கிறது என்பார்களே, அதுவும் இந்தக் கூட்டத்தில் ஒன்றுதான். ஒவ்வொரு மேற்சுரத்துக்கும் கம்பியில் அசையாமல் நிற்கும் புள்ளிகள் உண்டு. இயற்பியலில் கணு என்பார்கள். கணுவின் மேல் மீட்டினால் அந்த மேற்சுரம் எழாது. ஆங்கில அறிவியலாளர் தாமஸ் யங் 1800இலேயே எழுதிவைத்த விதி இது. 12ஆம் ஃப்ரெட் கம்பியின் சரிபாதி. அடிச்சுரத்தை ஒன்று என எண்ணினால், அங்கே மீட்டும்போது இரண்டு, நான்கு, ஆறு என்று இரட்டை எண்கள் எல்லாம் காணாமல் போகின்றன. பிரிட்ஜை ஒட்டிய இடத்தில் கதை வேறு. அங்கே அடிச்சுரம் பெரிதாக அசைய இடமில்லை. உயரத்தில் இருக்கும் மேற்சுரங்கள் அதற்கு ஈடாக நின்றுவிடுகின்றன. வழக்கமான ஸ்டீல் கம்பி கிட்டாரில் ஒலித்துளையின் நடு, கம்பி நீளத்தில் ஏறத்தாழ கால் பங்கில் விழுகிறது. இரண்டு குணமும் கலந்து கிடைப்பதால்தான் ஆசிரியர்கள் அங்கே கையை நிறுத்துகிறார்கள்.

கேப்போவை (எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) 5ஆம் ஃப்ரெட்டில் போட்டதும் ஒலி மங்கிவிடுகிறது. கேப்போவில் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. கேப்போ போட்டதும் கம்பி குறுகிவிடுகிறது, உங்கள் கை மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. கணக்கைப் பாருங்கள். 645 மில்லிமீட்டர் நீளக் கம்பியில் கால் பங்கு என்பது பிரிட்ஜிலிருந்து 161 மி.மீ. 5ஆம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் ஒலிக்கும் நீளம் 483 மி.மீ. ஆகிவிடும். அதே 161 இப்போது மூன்றில் ஒரு பங்கு. நீங்கள் அறியாமலே கழுத்துப் பக்கம் நகர்ந்துவிட்டீர்கள். பழைய விகிதம் வேண்டுமானால் பிரிட்ஜிலிருந்து 121 மி.மீ. தள்ளி, அதாவது முன்பைவிட 4 செ.மீ. பிரிட்ஜுக்கு நெருக்கமாக மீட்டுங்கள். அப்போதும் அச்சு அசலாக அதே ஒலி வராது. சுருதி ஏறினாலும் கிட்டாரின் மரப்பெட்டி தன் அதிர்வுகளை மாற்றிக்கொள்வதில்லை. ஆனால் மங்கல் போய்விடும். பெட்டிக்கு நெருக்கமான ஃப்ரெட்களில் பார் கார்ட் (ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்துவது) பிடிப்பவர்களுக்கும் இதே கணக்குதான்.

வீணை கற்றவள் நான். மீட்டும் இடம் அங்கே இந்த அளவுக்கு ஒலியை மாற்றியதாக நினைவில்லை. ஏன்?

அருமையான கேள்வி, இதற்கு இயற்பியலாளர் சி.வி. ராமனே பதில் சொல்லியிருக்கிறார். மீட்டும் புள்ளியில் கணு உள்ள மேற்சுரங்கள்கூட வீணையிலும் தம்பூராவிலும் கேட்கின்றன என்று 1921இல் அவர் எழுதினார். யங்கின் விதி அங்கே செல்லுபடியாவதில்லை. காரணம் குதிரை, அதாவது வீணையின் பிரிட்ஜ். வீணையின் குதிரை அகலமானது, மேற்பரப்பில் மென்மையான வளைவு உண்டு. அதிரும் கம்பி அதன் மேல் தொட்டும் விலகியும் ஆடுகிறது, இழந்த மேற்சுரங்கள் மீண்டும் பிறக்கின்றன. கிட்டாரில் கம்பி சேடில் என்ற மெல்லிய எலும்பு அல்லது பிளாஸ்டிக் பட்டையின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. மீட்டும்போது விட்டுப்போனது விட்டுப்போனதுதான்.

கழுத்துப் பக்கம் மீட்டினால் கம்பி ஃப்ரெட்டில் பட்டு இரைகிறது.

அங்கே கம்பி அகலமாக ஆடும். மெதுவாக மீட்டுங்கள். மெதுவாக மீட்டியும் இரைந்தால் கம்பியின் உயரத்தைச் சரிசெய்யும் கடைக்குக் கொண்டு போங்கள்.

பாடகருக்குத் துணையாக வாசிக்கும்போது எந்த இடம்?

பாடகரின் குரலைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கனத்த ஆண் குரலுக்குப் பிரிட்ஜ் பக்கம் மெலிதாக மீட்டினால் இரண்டும் ஒன்றையொன்று மிதிக்காது. தனியாக ஒரு கிட்டார், மெல்லிய குரல் என்றால் ஒலித்துளைக்கும் கழுத்துக்கும் இடையில் வையுங்கள். ஒரு பாடல் முழுவதையும் ஒரே இடத்தில் மீட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. பல்லவிக்கு ஒரு இடம், சரணத்துக்கு ஒரு இடம் என்று இரண்டு அங்குலம் நகர்ந்தாலே வித்தியாசம் தெரியும்.

பிரிட்ஜ் பக்கம் பிக் வைத்து மீட்டி, மரத்தில் கீறல் விழுந்துவிட்டது. ஆபத்தா?

ஸ்டீல் கம்பி கிட்டார்களில் பிக்கார்டு என்ற காப்புத் தகடு ஒட்டியிருப்பது அதைத் தாங்கத்தான். நைலான் கம்பி கிளாசிக்கல் கிட்டாரில் பெரும்பாலும் பிக்கார்டு கிடையாது, விரலால் வாசிக்கவென்று செய்தது. அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969 முதல் அப்படி ஒரு மார்ட்டின் என்-20 கிட்டாரைப் பிக் வைத்தே வாசித்து, ஒலித்துளைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே இன்னொரு ஓட்டையே போட்டுவிட்டார். அதை வைத்துக்கொண்டுதான் உலகம் சுற்றினார். உங்கள் கீறல் மேல்பூச்சோடு நிற்கும்வரை கவலை வேண்டாம். மரம் தெரிந்தால் கண்ணாடிபோன்ற ஒட்டுப் பிக்கார்டு ஒன்று வாங்கி ஒட்டிவிடுங்கள்.

ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால் ஒலி கரகரவென்று காதைக் குத்துகிறது.

சேடிலுக்கு அடியில் உள்ள பியசோ பிக்கப் (அதிர்வை மின்சைகையாக்கும் கருவி) என்றால் பிரிட்ஜ் பக்கம் பலமாக மீட்டாதீர்கள். ஒலித்துளையின் கழுத்தோர விளிம்புக்குப் போங்கள், பிறகு டிரெபிளைக் குறையுங்கள்.

கைபேசியில் பதிவு செய்தால் வெறும் 'பூம்' என்று வருகிறது.

கைபேசியை ஒலித்துளைக்கு எதிரே வைத்திருப்பீர்கள். 12ஆம் ஃப்ரெட்டுக்கு எதிரே, ஒரு அடி தள்ளி வையுங்கள்.