அந்த மாத்திரையைப் பற்றிச் சொன்னீர்களா?

கேள்வி: பித்தப்பைக் கல்லுக்காக என் மனைவிக்கு (46) பதினாலு மாதம் முன்பு தனியார் மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி அறுவை) செய்தார்கள். மயக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது. பிழைத்துவிட்டாள், ஆனால் ஞாபகம் பழையபடி இல்லை. டாக்டர் முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை, பில்லிலும் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. படபடப்புக்கு அட்டெனலால் சாப்பிட்டு வந்ததை அவர்களிடம் சொன்னோமா என்று நினைவில்லை. போலீசுக்குப் போகலாமா?

பதில்: டாக்டரின் முகமும் பில்லும் வழக்கில் நிற்காது. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அட்டெனலால், அதுதான் உங்கள் வழக்கு.

லேப்ராஸ்கோப்பிக்காக வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடை ஏற்றும்போது, இதயத் துடிப்பைக் குறைக்கிற வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு நாடி சட்டென்று இறங்கலாம். கவனமான டாக்டர்களிடமும் இது நடக்கும். எனவே இதயம் நின்றதை மட்டும் காட்டி அலட்சியத்தை நிரூபிக்க முடியாது. அட்டெனலாலும் நாடியைக் குறைக்கிற மாத்திரை. மயக்க மருந்து டாக்டர் அதைக் கேட்டாரா? நாடி இறங்கியதும் வாயுவை வெளியேற்றி, நாடியை உயர்த்தும் அட்ரோபின் மருந்தைக் கொடுக்க எத்தனை நிமிடம் ஆனது? பதில் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்காது. மயக்க மருந்துக்கு முன் செய்த பரிசோதனைத் தாளையும், அறுவையின்போது நாடியையும் கொடுத்த மருந்துகளையும் நேரத்தோடு குறிக்கும் அனஸ்தீசியா சார்ட்டையும் எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. என் கட்சிக்காரர் ஒருவர், பழைய மாத்திரையைச் சொன்னால் கேஸ் போய்விடும் என்று பயந்து, "எந்த மருந்தும் சாப்பிட்டதில்லை" என்று பிரமாண வாக்குமூலத்தில் எழுதவைத்தார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு குடும்ப டாக்டரின் மருந்துச்சீட்டை எடுத்து நீட்டியது. அப்புறம் மருத்துவமனையின் நிஜமான தவறுகூட எடுபடவில்லை. நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே எழுதுங்கள். பரிசோதனைத் தாளில் அட்டெனலால் பதிவாகியிருந்தால் உங்கள் கை ஓங்கும். கேட்கவே இல்லை என்றால் அது அவர்கள் தவறு. "மருந்து எதுவும் இல்லை" என்று எழுதி உங்கள் கையெழுத்தும் இருந்தால், சார்ட்டில் தாமதம் தெரிந்தாலொழிய, வழக்கை விட்டுச் சமரசம் பேசுங்கள்.

போலீஸ் இப்போது வேண்டாம்; நஷ்டஈடு கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் கிரிமினல் குற்றத்துக்கு மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும் என்றது. புகார் மருத்துவக் குழுவுக்குப் போய் "அலட்சியம் இல்லை" என்று அறிக்கை வந்தால், நுகர்வோர் ஆணையத்தில் அதையே உங்களுக்கு எதிராக நீட்டுவார்கள்.

சமரசத்துக்கு அழைத்தால், மனைவியின் ஞாபகக் குறைவுக்கு நரம்பியல் டாக்டரின் மதிப்பீடு கைக்கு வரும்வரை "முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம்தான் கெடு. உங்களுக்குப் பத்து மாதம் மிச்சம். சார்ட் வந்ததும் வேறு மருத்துவமனையின் மயக்க மருந்து நிபுணர் ஒருவரிடம் காட்டி, அவர் கருத்தை எழுத்தில் வாங்குங்கள்.