பழைய கார் வாங்க, விற்க: பெங்களூரு வாசகர்களின் கேள்விகள்

கேள்வி (அல்சூர்): கார் வாங்கி ஏழு மாதம்தான் ஆகிறது. துபாயில் வேலை கிடைத்ததால் விற்கிறேன். ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் எல்லாரும் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்களே?

பதில்: வண்டியில் குறை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், வாங்க வருபவருக்குத் தெரியாது. 'ஏழே மாதத்தில் ஏன் தள்ளிவிடுகிறார்?' என்ற சந்தேகத்துக்கும் சேர்த்துத்தான் அவர் விலையைக் குறைக்கிறார். நல்ல வண்டி வைத்திருப்பவர்கள் இந்த விலை கட்டாமல் ஒதுங்கிவிட, சந்தையில் மட்டமானவை மிஞ்சும் என்று பொருளியலாளர் ஜார்ஜ் அக்கெர்லாஃப் 1970இல் விளக்கினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. துபாய் வேலைக்கான ஆணை, சர்வீஸ் ரசீதுகள், மீதமுள்ள வாரன்டி எல்லாவற்றையும் கேட்பதற்கு முன்பே காட்டுங்கள். அவருடைய மெக்கானிக்கையே அழைத்துவரச் சொல்லுங்கள்.

கேள்வி (கே.ஆர். புரம்): போன வருஷம் புரோக்கர் ஒருவருக்குக் காரை விற்றேன். ஆர்.சி. இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. அபராதமெல்லாம் என் போனுக்கே வருகிறது.

பதில்: அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. அந்த வண்டி யார் மீதாவது மோதினால் இழப்பீடு உங்கள் தலையில் விழலாம். பல கை மாறிய ஒரு வண்டியின் வழக்கில், பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. காப்பீடு காலாவதியாகியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். காப்பீடு நடப்பில் உள்ளதா என்று அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் இன்றே பாருங்கள்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2023 ஏப்ரல் 1 முதல் புது விதி வந்தது. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துவிட்டால், அதன்பின் டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். உங்கள் புரோக்கரிடம் அந்த அங்கீகாரச் சான்று இருந்ததா? இல்லையென்றால் விற்ற ரசீது, வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் செய்திகளைத் திரட்டி ஆர்.டி.ஓ.வுக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி (சிவாஜிநகர்): கடையில் வாங்கியபோது மீட்டர் 42,000 கி.மீ. காட்டியது. சர்வீஸ் சென்டர் பதிவிலோ 90,000 தாண்டியிருக்கிறது. 'உள்ளது உள்ளபடி' என்று கையெழுத்துப் போட்டீர்களே என்கிறார் கடைக்காரர்.

பதில்: தேய்ந்த கிளட்சுக்கு அந்தக் கையெழுத்தை அவர் காட்டலாம். மீட்டரைத் திருப்பி விற்ற பொய்க்கு அது கேடயமாகாது. பொருளின் தரத்தைப் பொய்யாகச் சொல்லி விற்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. சர்வீஸ் பதிவை முத்திரையோடு வாங்கிவைத்துக்கொண்டு, முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் பேசுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை. விற்றவர் வியாபாரியாக இல்லாமல் தனிநபராக இருந்திருந்தால் இந்த வழி கிடையாது, சிவில் நீதிமன்றம்தான்.

கேள்வி (மர்பி டவுன்): ஓசூரில் தமிழ்நாட்டு நம்பர் கார் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டு ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) பெற்று மறுபதிவு செய்ய வேண்டும்; கர்நாடக ஆயுட்கால வரியும் கட்ட வேண்டும். வரி எவ்வளவு என்று ஆர்.டி.ஓ.வில் கேட்டு, அதையும் கூட்டிய பிறகு உள்ளூர் வண்டியோடு ஒப்பிடுங்கள். கடனில் வாங்கிய வண்டி என்றால், கடன் தீர்ந்தது என்று வங்கி கையெழுத்திட்ட படிவம் 35ஐப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.