புதுக் கம்ப்யூட்டர் வாங்கத்தான் வேண்டுமா? வீட்டு ரெகார்டிங்: வாசகர் கேள்வி பதில்

வீட்டிலேயே பாட்டும் வாத்தியமும் பதிவு செய்கிறவர்களிடமிருந்து ஒரே மாதிரியான சந்தேகம் பல கடிதங்களில் வந்திருக்கிறது: பழைய மெஷினைத் தூக்கிப் போடுவதா, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவதா? அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: 2014-இல் வாங்கிய டெஸ்க்டாப். ஐ5-4570 பிராசஸர், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. இரண்டு மைக் போடக்கூடிய யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) பக்திப் பாடல்கள் பதிவு செய்கிறேன். கொஞ்ச நாளாகப் பாடும்போதே ஹெட்போனில் 'டிக் டிக்' என்று வெட்டுகிறது. பதிவிலும் விழுந்துவிடுகிறது. டாஸ்க் மேனேஜரில் சிபியு 30 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. கடைக்காரர் மெஷினை மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா? (வாசகர், மதுரை)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். காரணம் தெரியாமல் மாற்றினால் அதே 'டிக் டிக்' புது மெஷினிலும் வரலாம்.

முதலில் வேலை எவ்வளவு என்று பாருங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் இரண்டு மைக் பதிவாகும்போது டிஸ்க்கில் எழுதப்படுவது நொடிக்கு 0.3 எம்பி கூட இல்லை. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி. நொடிக்கு 100 எம்பி எழுதும் ஹார்ட் டிஸ்க்குக்கு இது ஒரு சுமையே அல்ல. பிராசஸரும் இரண்டு டிராக்குக்குத் திணறுகிற ரகம் இல்லை.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. மெஷின் ஒலியைத் துண்டு துண்டாகக் கையாள்கிறது. ஒரு துண்டில் எத்தனை ஒலி மாதிரிகள் என்பதுதான் பஃபர். அதை 128 என்று வைத்திருந்தால், 128-ஐ நொடிக்கான 48,000 மாதிரிகளால் வகுங்கள்: 2.67 மில்லிசெகண்ட். அதற்குள் அடுத்த துண்டு ஒலி தயாராகி இன்டர்ஃபேஸுக்குப் போய்ச் சேர வேண்டும். பந்தியில் இலை காலியாவதற்குள் அடுத்த கை பரிமாற வேண்டும் என்பது போல. நடுவில் வைஃபை டிரைவரோ (அந்தப் பாகத்தை இயக்கும் மென்பொருள்) கிராபிக்ஸ் டிரைவரோ பிராசஸரை 3 மில்லிசெகண்ட் பிடித்து வைத்துக்கொண்டால் ஒரு துண்டு தவறிவிடும். அதுதான் உங்கள் 'டிக்'. டாஸ்க் மேனேஜர் காட்டுவது மொத்தச் சராசரி. 3 மில்லிசெகண்ட் தாமதம் அதில் தெரியவே தெரியாது. 30 சதவீதத்தைப் பார்த்து நீங்கள் குழம்புவது அதனால்தான்.

'லேட்டன்சிமான்' என்ற மென்பொருளை இறக்கி, பதிவு செய்வது போலவே எல்லாவற்றையும் திறந்து வைத்து 15 நிமிடம் ஓடவிடுங்கள். டிரைவர் பட்டியலில் அதிக நேரம் எடுத்தது எது என்று வரிசைப்படுத்திப் பார்க்கலாம். 1,000 மைக்ரோசெகண்டைத் தாண்டி ஏதாவது நின்றால் அதுதான் முதல் சந்தேகம். வைஃபை என்றால் பதிவு நேரத்தில் டிவைஸ் மேனேஜரிலேயே அதை டிஸேபிள் செய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். கிராபிக்ஸ் என்றால் டிரைவரின் வேறொரு பதிப்பைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து பவர் ஆப்ஷன்ஸில் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' வைத்து, உள்ளே 'மினிமம் பிராசஸர் ஸ்டேட்' 100, 'யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட்' டிஸேபிள் என்று மாற்றுங்கள். இன்டர்ஃபேஸ் வயர் பெட்டியின் முன்பக்கத்தில் செருகியிருந்தால் பின்பக்கம், மதர்போர்டில் நேரடியாக இருக்கும் போர்ட்டுக்கு மாற்றுங்கள். நடுவில் யு.எஸ்.பி. ஹப் வேண்டாம். ரெகார்டிங் சாஃப்ட்வேரில் இன்டர்ஃபேஸ் நிறுவனமே தரும், ஒலித் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். எல்லாக் கார்டுக்கும் பொதுவான மாற்று டிரைவர்கள், சொந்த டிரைவர் இல்லாதவர்களுக்கானவை.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. மாஸ்டர் டிராக்கில் லிமிட்டர் (ஒலி எல்லை மீறாமல் அடக்குவது), லீனியர் ஃபேஸ் ஈக்யூ (ஒலியின் தன்மையைத் திருத்துவது) போன்ற ப்ளக்-இன்களை, அதாவது ரெகார்டிங் சாஃப்ட்வேருக்குள் சேர்க்கும் துணை மென்பொருள்களைப் போட்டுவிட்டு, அப்படியே பாட உட்கார்ந்துவிடுகிறார்கள். அவை ஒலியை முன்கூட்டிப் பார்த்து வேலை செய்பவை. அவை கேட்கும் நேரம் முழுவதும் உங்கள் குரலின் தாமதத்தில் சேர்ந்துவிடும். பதிவு முடியும்வரை அவற்றை அணைத்து வையுங்கள். இன்டர்ஃபேஸில் 'டைரக்ட் மானிட்டர்' (குரலைக் கம்ப்யூட்டருக்குள் போகாமலே ஹெட்போனுக்குத் தரும் வசதி) இருந்தால் குரலை அதன் வழியாகவே கேளுங்கள். அப்போது பஃபரை 512-க்கு ஏற்றினாலும் பாடுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது, மெஷினுக்கு நாலு மடங்கு அவகாசம் கிடைக்கும்.

இதெல்லாம் செய்தபின் ஒரு பரிசோதனை. காலியான புராஜெக்டில், பஃபர் 256-இல், ஒரு மைக் மட்டும் 10 நிமிடம் பதியுங்கள். அதிலேயே வெட்டினால் கோளாறு டிரைவரிலோ, கேபிளிலோ, போர்ட்டிலோ இருக்கிறது. காலிப் புராஜெக்ட் சுத்தமாக ஓடி, நீங்கள் நேரலையில் வாசிக்கும் ஒரே ஒரு கீபோர்டு ப்ளக்-இன்னோ கிட்டார் ஆம்ப் ப்ளக்-இன்னோ திறந்ததும் வெட்டினால், அப்போதுதான் பிராசஸர் போதவில்லை என்று அர்த்தம். ஒரு டிராக்கில் அடுக்கிய ப்ளக்-இன்கள் பொதுவாகப் பிராசஸரின் ஒரே கோரில்தான் (கணக்கிடும் பிரிவு) வரிசையாக ஓடும். அந்த ஒரு கோரின் வேகத்தை ரேமும் எஸ்.எஸ்.டி.யும் கூட்டித் தராது. அங்கேதான் புது மெஷினுக்குக் கொடுக்கும் பணம் உண்மையாக வேலை செய்யும்.

மிக்ஸிங்கில் மட்டும் திணறுகிறதா? பஃபரை 1024-க்கு ஏற்றுங்கள், முடிந்த டிராக்குகளை ஃப்ரீஸ் செய்யுங்கள், அதாவது ப்ளக்-இன் வேலை முடிந்த ஒலியாகவே மாற்றி வையுங்கள். அந்த வேலைக்கு உங்கள் மெஷின் இன்னும் போதும்.

கேள்வி: என்னுடையதும் அதே தலைமுறை மெஷின்தான். எஸ்.எஸ்.டி.யும் இன்னொரு 8 ஜிபி ரேமும் போட்டால் தேறுமா? விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுவிட்டதே, அதற்கு என்ன செய்வது? (வாசகர், சேலம்)

பதில்: எஸ்.எஸ்.டி. கண்டிப்பாகப் போடுங்கள். ஆனால் எதற்கு என்று தெரிந்து போடுங்கள். மெஷின் ஆன் ஆவது, புராஜெக்ட் திறப்பது, வயலின், பியானோ போன்ற சாம்பிள் லைப்ரரிகள் (பதிவு செய்த வாத்திய ஒலிகளின் தொகுப்பு) ஏறுவது எல்லாம் வேகமாகும். ஒரே நேரத்தில் ஓடும் ப்ளக்-இன் எண்ணிக்கை ஒன்றுகூட ஏறாது. 500 ஜிபி சாட்டா எஸ்.எஸ்.டி. போதும். உங்கள் மதர்போர்டு எச்81 சிப்செட் ரகம் என்றால் நான்கு சாட்டா போர்ட்டுகளில் இரண்டுதான் 6 ஜிபிட் வேகம் உள்ளவை. போர்டில் எழுதியிருக்கும், அதில் செருகுங்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க்கின் நிலையை 'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' மென்பொருளில் பாருங்கள். டிஸ்க்கின் பழுதான இடங்களைக் காட்டும் 05, சி5 என்ற வரிகளின் 'ரா வேல்யூஸ்' பத்தியில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் வந்திருந்தால் அதில் ஒரே பிரதியாக எதையும் விட்டுவைக்காதீர்கள். இன்றே நகல் எடுங்கள்.

ரேம் விஷயத்தில் அவசரம் வேண்டாம். உங்களுடைய மிகப் பெரிய புராஜெக்டைத் திறந்து வைத்து, டாஸ்க் மேனேஜரில் மெமரி எவ்வளவு என்று பாருங்கள். 8-இல் 5 ஜிபிதான் போகிறது என்றால் 16 போட்டும் பலன் இல்லை. நிரம்பி வழிகிறது என்றால் போடுங்கள், முடிந்தால் ஒரே மாதிரி இரண்டு 8 ஜிபியாக. டெஸ்க்டாப்புக்கு டிடிஆர்3. இதே தலைமுறை லேப்டாப் வைத்திருப்பவர்கள் 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் என்று கேட்டு வாங்க வேண்டும். சாதா 1.5 வோல்ட் ரேமைப் போட்டால் லேப்டாப் ஆன் ஆகாமல் போகலாம்.

விண்டோஸ் 10-க்கான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. வீட்டு உபயோகிப்பாளர்களுக்கான கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது, ஒரு சில விதிவிலக்குகள் தவிர, இன்டெலின் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான். உங்கள் 4-ஆம் தலைமுறை பட்டியலில் இல்லை. குறுக்கு வழியில் ஏற்ற முடியும்தான். ஆனால் அப்படி ஏற்றியதற்கு அப்டேட் வந்துகொண்டே இருக்கும் என்று உத்தரவாதம் இல்லாததால், வேலை செய்யும் மெஷினில் அதைச் செய்யச் சொல்ல மாட்டோம்.

எங்கள் யோசனை: இதை ரெகார்டிங்குக்கு மட்டும் என்று ஒதுக்கி, இணையத் தொடர்பை எடுத்துவிடுங்கள். பேங்க், மெயில் எதுவும் இதில் வேண்டாம். துண்டிப்பதற்கு முன் எல்லா ப்ளக்-இன் லைசென்ஸும் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா, இணையம் இல்லாமலே திறக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். மாதா மாதம் இணையத்தில் சரிபார்க்கும் சந்தா மென்பொருள் இருந்தால் இந்த வழி சரிப்படாது. இப்போது ஓடும் பதிப்புகளின் இன்ஸ்டாலர்களைத் தனி டிஸ்க்கில் பத்திரப்படுத்துங்கள், பின்னால் அவை கிடைக்காமல் போகலாம். வெளியிலிருந்து வரும் பென்டிரைவ்தான் இனி வைரஸ் வரும் ஒரே வாசல். இந்த மெஷினுக்கென்று ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லேப்டாப்பில் மிருதங்கம் பதிவு செய்கிறேன். முதல் 20 நிமிடம் நன்றாகப் போகிறது. பிறகு ஃபேன் இரைய ஆரம்பித்து, ஒலி வெட்டுகிறது. சார்ஜர் செருகினால் 'ம்ம்' என்று ஓர் இரைச்சலும் சேர்கிறது. லேப்டாப் முடிந்ததா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு. இரண்டுக்கும் லேப்டாப்பை மாற்றத் தேவையில்லை.

20 நிமிடம் கழித்து வருவது சூடு. பிராசஸர் 95 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெட்டும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரில் வேகத்தைப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் 1-க்குக் கீழே இறங்கி நின்றால் சந்தேகமே வேண்டாம். அடிமூடியைக் கழற்றி, முதலில் பேட்டரி கனெக்டரை எடுத்துவிடுங்கள். ஃபேனுக்கும் செம்புக் குழாய் போய்ச் சேரும் தகட்டுக்கும் நடுவில் தூசி கம்பளி போல ஒட்டியிருக்கும். ஊதுவதற்கு முன் ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், அதிவேகமாகச் சுழன்றால் அதன் பேரிங் கெடும். பிறகு காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு மிளகு அளவு புதிது வையுங்கள். கழற்றும்போது பேட்டரி உப்பியிருப்பது தெரிந்தால் அதை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். அந்த லேப்டாப்பை மீண்டும் சார்ஜ் செய்யாமல் பேட்டரியை மாற்றுங்கள்.

சார்ஜர் இரைச்சல் எர்த் சம்பந்தப்பட்டது. லேப்டாப்பும் ஸ்பீக்கரும் வேறு வேறு பிளக் பாயிண்டில் இருந்தால் ஒரே எர்த் உள்ள ஒரே ஸ்பைக் பாக்ஸுக்கு மாற்றுங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிட்டால் இரைச்சல் நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மைக்கைத் தொடுகிறவருக்கு ஷாக் அடிக்கும் அபாயம் அது. அவசரத்துக்குச் சார்ஜரை எடுத்துவிட்டு பேட்டரியில் பதியலாம். ஆனால் பேட்டரிக்கு மாறியதும் பவர் அமைப்பும் மாறி வேகம் குறையலாம். அதையும் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' ஆக்கி வையுங்கள்.

கேள்வி: 2012 மேக்புக் ப்ரோ 13 அங்குலம், அதோடு ஃபயர்வயர் (பழைய இணைப்பு முறை) இன்டர்ஃபேஸ். இன்றுவரை அருமையாக வேலை செய்கிறது. புது மேக் வாங்கினால் இந்த இன்டர்ஃபேஸைப் பயன்படுத்த முடியுமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: முடியாது என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 2025-இல் வந்த மேக்ஓஎஸ் 26 'டஹோ'வில் ஃபயர்வயர் ஆதரவையே ஆப்பிள் எடுத்துவிட்டது. ஆகவே புது மேக்கின் விலையோடு புது இன்டர்ஃபேஸின் விலையையும் கூட்டிப் பார்க்க வேண்டும். எட்டு உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸ் என்றால் அது சின்னத் தொகை அல்ல.

உங்கள் மெஷினில் ரேம் 16 ஜிபி வரை ஏற்றலாம், டிஸ்க்கையும் நீங்களே மாற்றலாம். அதற்குப் பிந்தைய மாடல்களில் ரேமை ஏற்ற முடியாது. உங்கள் மெஷின் அதிகாரபூர்வமாகப் போகக்கூடிய கடைசி மேக்ஓஎஸ் பதிப்பு 'கேட்டலினா'. அதில் 32 பிட் ப்ளக்-இன்கள் திறக்காது. அவை இருந்தால் அதற்கு முந்தைய 'மொஹாவி'யிலேயே நில்லுங்கள். இந்த மாடலில் டிஸ்க்கை இணைக்கும் தட்டைக் கேபிள் அடிக்கடி பழுதாகும். புது எஸ்.எஸ்.டி. போட்டும் தொங்கிப்போனால், டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன் அந்தக் கேபிளை மாற்றிப் பாருங்கள். சுத்தமாக ஓடும்வரை வைத்துக்கொள்ளுங்கள். பணம் சேர்ந்ததும் முதலில் யு.எஸ்.பி. இன்டர்ஃபேஸ் வாங்குங்கள். அது பழைய மேக்கிலும் வேலை செய்கிறதா என்று கேட்டு வாங்கினால், மெஷின் பிறகு எப்போது போனாலும் ரெகார்டிங் நிற்காது.

கேள்வி: மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 14 கோர் ஜியான் (இன்டெலின் சர்வர் ரகப் பிராசஸர்) வொர்க்ஸ்டேஷன், பழையது, மலிவாகக் கிடைக்கிறது. கோர் நிறைய இருப்பதால் ரெகார்டிங்குக்கு நல்லதுதானே? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: வாங்காதீர்கள். பாடும்போதும் வாசிக்கும்போதும் வேண்டியது ஒரு கோரின் வேகம். 14 கோர் ஈ5-2680 வி4 போன்றவற்றின் அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ். விண்டோஸ் 11 பட்டியலிலும் அவை இல்லை. ஃபேன் இரைச்சல் வேறு மைக்கில் ஏறும்.

அதே கடைகளில் அலுவலகங்களிலிருந்து வரும் சின்ன டெஸ்க்டாப்புகள் கிடைக்கும். ஐ5-8500 உள்ளதைக் கேளுங்கள்: 6 கோர், 4.1 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், விண்டோஸ் 11-ம் ஏற்கும். பட்ஜெட் வீட்டு ரெகார்டிங்குக்கு இதைவிடப் பணத்துக்கு ஏற்றது இல்லை என்பது எங்கள் கருத்து. குரல், வாத்தியம் மட்டும் என்றால் 16 ஜிபி ரேம். ஆர்க்கெஸ்ட்ரா லைப்ரரி வைத்திருப்பவர்களுக்கு 32. தனி கிராபிக்ஸ் கார்டுக்குச் செலவு செய்ய வேண்டாம். பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே லேட்டன்சிமான் 10 நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.

வாங்கியதும் பழையதை உடனே விற்றுவிடாதீர்கள். பாதியில் நிற்கும் ஒவ்வொரு பாட்டிலும் எல்லா டிராக்கையும் பாட்டின் பூஜ்ய நொடியிலிருந்து, ஒரே நீளத்தில், 24 பிட் வேவ் ஃபைலாகப் பழைய மெஷினிலேயே எடுத்துவிடுங்கள். ஒரு ப்ளக்-இன் புதிதில் திறக்காமல் போனாலும் அந்தப் பாட்டு உங்கள் கையில் இருக்கும். லைசென்ஸ்களைப் பழையதில் டிஆக்டிவேட் செய்வது கடைசி வேலை. புதிதில் ஒரு பாட்டை மைக்கிலிருந்து மாஸ்டர் வரை முழுதாக முடித்த பிறகு அதைச் செய்யுங்கள். ஒரே லைசென்ஸில் இரண்டு மெஷின் அனுமதிக்காத ப்ளக்-இன்களை மட்டும் முன்னாலேயே மாற்ற வேண்டியிருக்கும். அந்தப் பட்டியலை இப்போதே எழுதி வையுங்கள்.