மின்கம்பி அறுந்து விழுந்தாலும் காட்டுத்தீ பற்றாமல் தடுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இதற்கு நல்ல உதாரணம். 2009 பிப்ரவரி 7 அன்று மூண்ட காட்டுத்தீயில் அங்கே 173 பேர் இறந்தார்கள். அவர்களில் 119 பேரைப் பலிகொண்ட கில்மோர் ஈஸ்ட் தீ, அறுந்த ஒரு மின்கம்பியில் தொடங்கியது.

மூன்று கம்பிகள் கொண்ட சாதாரண 22,000 வோல்ட் லைனில் ஒரு கம்பி தரையில் விழுந்தால், துணைமின்நிலைய நியூட்ரல் (மூன்றுக்கும் பொதுவான இணைப்புப் புள்ளி) வழியாகப் பெரிய மின்னோட்டம் பாயும். பிரேக்கர் துண்டிப்பதற்குள் காய்ந்த புல்லில் பொறி விழுந்துவிடும். அந்தத் தீக்குப் பிறகு விக்டோரியாவில் வந்த புதிய முறையில் நியூட்ரலுக்கும் பூமிக்கும் நடுவே ஒரு பெரிய கம்பிச்சுருளை வைக்கிறார்கள். பழுதான இடத்தில் பாயும் மின்னோட்டத்தின் பெரும்பகுதியை அது எதிர்த்துச் சரிக்கட்டும். மிச்சத்தை இன்வெர்ட்டர் (எதிர் மின்னோட்டத்தைச் செலுத்தும் மின்னணுக் கருவி) கவனித்துக்கொள்ளும். விழுந்த கம்பியின் மின்னழுத்தம் 85 மில்லிவிநாடியில் 1,900 வோல்ட்டுக்கும், 2 விநாடியில் 250 வோல்ட்டுக்கும் இறங்க வேண்டும் என்கிறது 2016இல் வந்த விதி. இவ்வளவு கறாராக விதி வகுத்தது மிகச் சரி என்பேன்.

ஆனால் அந்த நேரத்தில் மற்ற இரண்டு கம்பிகளின் மின்னழுத்தம் 12,700இலிருந்து 22,000 வோல்ட்டுக்கு ஏறும். பழைய இன்சுலேட்டர்களும் கேபிள்களும் அதைத் தாங்காமல் போகலாம். செலவு எகிறுவது இங்கேதான். கம்பியோடு கம்பி உரசினால் இந்தக் கருவி உதவாது. பூமியையே திரும்பும் பாதையாகப் பயன்படுத்தும் ஒற்றைக் கம்பி லைன்களுக்கும் இது பொருந்தாது. கில்மோர் ஈஸ்ட்டில் அறுந்தது அப்படிப்பட்ட லைன்தான். அங்கெல்லாம் கம்பியைப் புதைப்பதோ, உறை போட்ட கம்பிக்கு மாறுவதோதான் வழி. அதுவரை, கடும் தீ அபாய நாட்களில் துண்டித்த மின்சாரம் தானாக மறுபடி பாயாதபடி ரீகுளோசரை (மின்சாரத்தைத் துண்டித்துத் தானாகவே மறுபடி இணைக்கும் சுவிட்ச்) மாற்றி வைக்க வேண்டும்.