டிரைவ்வே: பனியும் உப்பும் கான்கிரீட்டும்

கடும்பனி விழும் இடங்களில் தெருவிலிருந்து கராஜ் வரை போடும் கான்கிரீட் டிரைவ்வே பற்றி வந்த கேள்விகள் மட்டும் இந்த முறை.

கேள்வி: டிரைவ்வே போட்டு இரண்டு குளிர்காலம்தான் ஆகிறது. மேற்பரப்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து ஜல்லி தெரிகிறது. போட்டுக் கொடுத்தவரைக் கேட்டால், "நீங்கள் உப்புப் போட்டீர்கள், அதனால்தான்" என்கிறார். உண்மையா?

பாதி உண்மை. தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். கான்கிரீட்டின் நுண்துளைகளில் ஊறிய ஈரம் உறையும்போது விரிய இடம் இல்லாவிட்டால் மேல்தோலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். உப்பு பனியை உருக்கி அந்த ஈரத்தைக் கூட்டுகிறது, உறைந்து உருகும் சுற்றுகளையும் அதிகமாக்குகிறது. ஆனால் சரியாகக் கலந்து, சரியாகத் தேய்த்து, சரியாகப் பதப்படுத்திய கான்கிரீட் இரண்டு குளிர்காலத்தில் இப்படி ஆகாது.

உதிர்ந்த இடங்கள் எவை என்று பாருங்கள். கார் நிற்கும் இடத்தில், சக்கரத்திலிருந்து உப்புச் சேறு சொட்டும் பகுதியில் மட்டும் என்றால் உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. உப்பே படாத மூலைகளிலும் அதே கதி என்றால் கலவையில், உறையும் நீர் ஒதுங்க இடம் தரும் காற்றுக் குமிழி போதவில்லை, அல்லது தண்ணீர் கூடிவிட்டது. திட்டுத்திட்டாக, தட்டினால் "டொக் டொக்" என்று உள்ளீடற்ற ஓசையுடன் தகடாகப் பெயர்கிறது என்றால் சந்தேகம் கரணை பிடித்த கையின் மேல் விழ வேண்டும். கான்கிரீட் கொட்டிய சற்று நேரத்தில் மேலே தண்ணீர் ஊறி வரும். அது தானாக ஆவியாகும்வரை தேய்க்காமல் காத்திருக்க வேண்டும். பொறுமை இல்லாதவர் அந்த நீரையே மேல்தோலுக்குள் தேய்த்து அமுக்கிவிடுவார். இன்னும் மோசம், "வழவழவென்று வரட்டும்" என்று மேலே தண்ணீர் தெளித்துத் தேய்ப்பது. மேல் 3 மில்லிமீட்டர் பலவீனமான பால்தோலாகிவிடும். முதலில் உதிர்வது அதுதான்.

வாகனத்தோடு வந்த ரெடிமிக்ஸ் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். எந்தக் கலவை வந்தது, தளத்தில் எவ்வளவு தண்ணீர் சேர்த்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வாய்ச்சண்டையைவிட அந்தத் துண்டுக் காகிதம் பலமானது.

கேள்வி: உதிர்ந்த பழைய தளத்தின் மேலேயே 5 சென்டிமீட்டர் புதிதாக ஊற்றிவிடலாமா? உடைத்து அள்ளும் செலவு மிச்சமாகுமே?

வேண்டாம். அடியில் இருக்கும் விரிசல் அப்படியே மேலே வரும், இரண்டு அடுக்குக்கும் நடுவே இறங்கும் நீர் உறைந்து மேலடுக்கைத் தூக்கும், கராஜ் வாசலில் மட்டமும் ஏறிவிடும்.

கேள்வி: கராஜை ஒட்டிய பகுதி மட்டும் 4 சென்டிமீட்டர் அமுங்கி, மழைநீர் வீட்டுப் பக்கம் திரும்புகிறது. முழுவதும் மாற்ற வேண்டுமா?

ஸ்லாப் உடையாமல் ஒரே துண்டாக அமுங்கியிருந்தால் தூக்கி நிறுத்தலாம். துளை போட்டு, அடியில் சிமென்ட் குழம்போ பாலியூரித்தேன் நுரையோ செலுத்தி உயர்த்துவார்கள். பல துண்டுகளாக நொறுங்கியிருந்தாலோ மேற்பரப்பும் உதிர்ந்திருந்தாலோ அந்தச் செலவு வீண், மாற்றிவிடுங்கள்.

இந்த இடம் அமுங்குவது தற்செயல் அல்ல. வீட்டு அஸ்திவாரத்துக்காகத் தோண்டிய குழியை மூடும்போது மண்ணை இயந்திரத்தால் ஒரே மூச்சில் தள்ளியிருப்பார்கள். அது வருடக்கணக்கில் மெல்ல இறங்கும். மாற்றுகிறீர்கள் என்றால் அந்தப் பகுதியை மட்டும் கூடுதல் ஆழம் தோண்டி, தளர்ந்த மண்ணை எடுத்துவிட்டு, ஜல்லியை 10 சென்டிமீட்டர் அடுக்குகளாக இட்டு ஒவ்வொன்றையும் இயந்திரத்தால் திமிசு போட வேண்டும்.

கேள்வி: எங்கள் மனை முழுக்கக் களிமண். பழைய தளம் குளிர்காலத்தில் நடுவே உப்பி, வசந்தத்தில் இறங்குகிறது. புதிதாகப் போடும்போது கான்கிரீட்டின் கனத்தை இரட்டிப்பாக்கினால் சரியாகுமா?

ஆகாது. உறையும் மண் வீட்டையே தூக்கும். 20 சென்டிமீட்டர் கான்கிரீட் அதற்கு ஒரு பொருட்டா? மண் உப்ப மூன்று சேர வேண்டும்: உறையும் குளிர், நீரை மேலே உறிஞ்சும் மண், அந்த நீர். நுண்வண்டலும் வண்டல் கலந்த களிமண்ணும் விளக்குத் திரிபோல அடியிலிருந்து ஈரத்தை இழுத்து, உறையும் மட்டத்தில் பனிக்கட்டித் தகடுகளாகச் சேர்க்கும். அதனால்தான் வீக்கம் அந்த 9 சதவீதக் கணக்கையும் தாண்டிப் போகிறது. குளிரை நம்மால் மாற்ற முடியாது. கைவைக்க முடிந்தது மண்ணிலும் நீரிலும்தான்.

100 மில்லிமீட்டர் கான்கிரீட்டுக்கும் 200 மில்லிமீட்டர் ஜல்லிப் படுகைக்கும் சேர்த்து, முடிவு மட்டத்திலிருந்து 300 மில்லிமீட்டர் ஆழம் வெட்டுங்கள். புல்வேர், கருமண், சொதசொதப்பான பகுதி எதுவும் மிஞ்சக் கூடாது. வெட்டிய மண்ணின் மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி விரியுங்கள். இல்லாவிட்டால் சில வருடங்களில் களிமண் ஜல்லிக்குள் ஏறி, படுகை மறுபடி சேறாகும். அதன்மேல் 20 மில்லிமீட்டருக்கு உட்பட்ட உடைகல் ஜல்லி. உருண்டைக் கூழாங்கல் ஒன்றையொன்று கவ்வாது, வேண்டாம். தூள் அளவுக்கு மீறிக் கலந்த ஜல்லியும் ஆகாது, அதுவே ஈரத்தை உறிஞ்சும். 10 சென்டிமீட்டருக்கு ஒருமுறை லேசாக நனைத்து, பிளேட் காம்பாக்டர் (அதிர்ந்து அமுக்கும் தட்டு இயந்திரம்) ஓட்டுங்கள். குதிகாலால் அழுத்தமாக மிதித்தால் தடம் விழக் கூடாது.

பலரும் கோட்டை விடுவது இதற்கடுத்து: களிமண்ணில் வெட்டிய குழி ஒரு தொட்டி. ஜல்லி வழியாக இறங்கிய நீர் போக வழியின்றி அங்கேயே நின்று உறையும். ஆகவே மேல்தளத்துக்கு மட்டுமல்ல, குழியின் அடித்தரைக்கும் வாட்டம் கொடுங்கள். தாழ்ந்த ஓரத்தில் துளையிட்ட வடிகுழாய் ஒன்றை வைத்து வெளியே விடுங்கள். மேல்தளத்துக்கு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வாட்டம், வீட்டைவிட்டு விலகி. கூரை நீர்க்குழாய் டிரைவ்வே ஓரத்தில் கொட்டுகிறதா என்று இன்றே பாருங்கள். நடுவில் வீங்கும் பல தளங்களுக்குக் குற்றவாளி அதுவாகவே இருக்கும்.

இவ்வளவு செய்தாலும் குளிர் ஜல்லிக்குக் கீழே இறங்கத்தான் செய்யும். தளம் சற்று அசையும். எங்கும் ஒரே அளவாக அசைந்தால் பாதகமில்லை.

கேள்வி: 6 மீட்டர் அகலம், 12 மீட்டர் நீளம். என்ன அளவில், என்ன சொல்லி ஆர்டர் கொடுப்பது?

72 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் கனத்துக்கு 7.2 கன மீட்டர் வரும். படுகை எங்கும் மேடு பள்ளம் இருக்கும், ஆகவே 10 சதவீதம் கூட்டி 8 கன மீட்டர் சொல்லுங்கள். குறைந்துபோய் இன்னொரு வண்டிக்குக் காத்திருந்தால் இடையில் இறுகிப்போன பகுதியில் ஒட்டு விழும். கனமான வேனோ லாரியோ ஏறும் என்றால் 125 மில்லிமீட்டர் போடுங்கள்: கான்கிரீட் கால்பங்குதான் கூடும், தாங்குதிறனோ ஏறக்குறைய பாதி கூடும். அமுக்கிய பின் 200 மில்லிமீட்டர் ஜல்லி வேண்டுமென்றால் 14.4 கன மீட்டர். தளர்வாக வரும் சரக்கில் கால்பங்கு கூட்டி 18 வாங்குங்கள். பழையதை உடைத்தால் 17 டன்னுக்கு மேல் இடிபாடு அள்ள வேண்டியிருக்கும், அதற்கும் வண்டி பேசி வையுங்கள்.

கலவைக்கு: 32 மெகாபாஸ்கல் வலிமை, நீர்–சிமென்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகக் கூடாது, காற்றுக் குமிழி 5 முதல் 8 சதவீதம், ஜல்லி 20 மில்லிமீட்டர், இளக்கம் (கலவை எவ்வளவு தளர்ந்து படிகிறது என்ற அளவு) 100 மில்லிமீட்டருக்குள். இந்தக் காற்றுக் குமிழிகள் கலவையில் ரசாயனம் சேர்த்து உண்டாக்கப்படுபவை. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. உறையும் நீர் ஒதுங்க அவைதான் இடம். "வலிமையான கலவை கொடுங்கள்" என்று மட்டும் சொன்னால் காற்றுக் குமிழி இல்லாத உள்தளக் கலவை வந்து நிற்கலாம்.

தளத்தில் "கொஞ்சம் தண்ணீர் விடட்டுமா?" என்று கேட்பார்கள். கன மீட்டருக்கு 5 லிட்டர் சேர்த்தாலே இளக்கம் 25 மில்லிமீட்டர் கூடி, வலிமை ஒன்றரை மெகாபாஸ்கல் அளவு இறங்கும். தள்ளுவது எளிதாக வேண்டுமென்றால் இளக்கம் கூட்டும் ரசாயனத்தை ஆலையிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கம்பி போட்டால் விரிசல் வராது அல்லவா?

வரும். காய்ந்து சுருங்கும் கான்கிரீட் எங்காவது பிளந்தே தீரும். கம்பியின் வேலை பிளந்ததை விலகாமல் பிடித்து வைப்பது. 10 மில்லிமீட்டர் கம்பியை இரு திசையிலும் 400 மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் கட்டி, கம்பியைத் தாங்கும் சிறு கட்டைகளான கவர் பிளாக் வைத்து கனத்தின் நடுவில் நிறுத்துங்கள். "கீழே கிடக்கட்டும், ஊற்றும்போது கொக்கியால் தூக்கிக்கொள்வோம்" என்று சொல்வார்கள். தூக்குவார்கள், உடனே பூட்ஸ் காலால் மறுபடி மிதித்து இறக்குவார்கள். ஜல்லியோடு ஒட்டிக் கிடக்கும் கம்பியால் ஒரு பயனும் இல்லை.

விரிசல் எங்கே வர வேண்டும் என்பதை முடிவுசெய்வது வெட்டு மூட்டுகள், அதாவது தளத்தின் மேல் வெட்டிவிடும் கோடுகள். இடைவெளி கனத்தைப்போல் 24 முதல் 30 மடங்கு. 100 மில்லிமீட்டருக்கு அதிகபட்சம் 3 மீட்டர். உங்கள் 6-க்கு 12 தளத்தில் நீளவாக்கில் நடுவே ஒன்று, குறுக்கே 3 மீட்டருக்கு ஒன்று. எட்டுச் சதுரம் கிடைக்கும். ஆழம் கனத்தில் கால்பங்கு, அதாவது 25 மில்லிமீட்டர். அரைகுறையாகக் கீறினால் விரிசல் அதை மதிக்காது. கல் பெயராமல் வெட்ட முடிகிற முதல் நேரத்திலேயே வெட்டிவிட வேண்டும். வெயில் நாளில் 6 மணி நேரத்துக்குள்கூட அந்த நேரம் வரும், குளிரில் இன்னும் தாமதமாகும். "நாளைக் காலை வருகிறோம்" என்று கிளம்புகிறவரை நம்பினால் விரிசல் அவருக்கு முன்பே வந்திருக்கும். கராஜ் தளம், வீட்டுச் சுவர், நடைபாதை ஆகியவற்றைத் தொடும் இடத்தில் வெட்டு மூட்டு போதாது. முழுக் கனத்துக்கும் தார் தோய்த்த 12 மில்லிமீட்டர் நார்ப்பலகை வைத்துப் பிரித்துவிடுங்கள்.

கேள்வி: இலையுதிர் காலக் கடைசியில்தான் ஆள் கிடைக்கிறார்கள். போடலாமா, வசந்தம்வரை பொறுக்கலாமா?

தேதியைக் கணக்கிடுங்கள். ஊற்றிய நாளிலிருந்து 7 நாள் ஈரம் காத்துப் பதப்படுத்த வேண்டும், வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. பிறகு உறைபனிக்கும் உப்புக்கும் முன்னால் சுமார் 30 நாள் காய வேண்டும். புதுக் கான்கிரீட் 3.5 மெகாபாஸ்கல் எட்டிவிட்டால் ஒருமுறை உறைவதைத் தாங்கும். நல்ல வெப்பத்தில் இரண்டு நாளுக்குள் அது வந்துவிடும். ஆனால் ஈரத்தோடு திரும்பத் திரும்ப உறைந்து உருகுவதைத் தாங்க 24 மெகாபாஸ்கலாவது வேண்டும். அந்த இடைவெளியில் முதல் பனி விழும் என்றால் பழைய தளத்தோடு ஒரு குளிர்காலத்தை ஓட்டிவிடுவதே என் யோசனை.

தவிர்க்கவே முடியாதென்றால்: உறைந்த மண்ணின் மேல் ஊற்றாதீர்கள், உருகும்போது அமுங்கும். கம்பி இருந்தால் கால்சியம் குளோரைடு கலக்காத முடுக்கி (கான்கிரீட்டைச் சீக்கிரம் இறுக வைக்கும் ரசாயனம்) கேளுங்கள், குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். வெப்பம் காக்கும் போர்வையை ஓரங்களிலும் மூலைகளிலும் இரட்டிப்பாகப் போடுங்கள், அங்கேதான் முதலில் குளிரும். கூடாரத்துக்குள் புகைபோக்கி இல்லாத எரிவாயு அடுப்பு வேண்டாம். அதன் கரியமில வாயு பட்டால் மேற்பரப்பு மாவாக உதிரும், ஆளுக்கும் ஆபத்து.

தேய்ப்பதற்கு மணியாசுக் கட்டை (மரத் தேய்ப்புக் கட்டை) அல்லது மக்னீசியக் கட்டை, அதன்பின் குறுக்கே துடைப்பக் கோடு. இரும்புக் கரணையால் பளபளப்பாக்கினால் காற்றுக் குமிழி சிதையும், காலும் வழுக்கும். நடக்க ஒன்றிரண்டு நாள், கார் ஏற்ற 7 நாள், கனரக வண்டிக்கு 28 நாள். குளிரில் இன்னும் தள்ளிப் போடுங்கள்.

கேள்வி: முதல் குளிர்காலத்தில் என்ன தூவலாம்? நீர் ஊறாமல் தடுக்க அடிக்கும் சீலர் அவசியமா?

மணல். முதல் குளிர்காலத்தில் வேறு எதுவும் வேண்டாம். அடுத்த வருடத்திலிருந்து சாதாரண உப்பை அளவாகத் தூவி, உருகிய சேற்றை உடனே தள்ளிவிடுங்கள். மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே அது சரியாக வேலை செய்யாது. கையில் இருக்கிறதே என்று அமோனியம் நைட்ரேட், அமோனியம் சல்பேட் உரங்களைத் தூவிவிடாதீர்கள், அவை சிமென்ட்டையே ரசாயனமாகத் தின்னும்.

சீலர் நல்லதுதான். 28 நாள் கழித்து, தளம் உலர்ந்திருக்கும்போது உள்ளே ஊறும் சிலேன் அல்லது சிலாக்ஸேன் வகை அடியுங்கள். மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். கண்ணாடிபோல் மினுங்கும் அக்ரிலிக் பூச்சு ஈரத்தை உள்ளே அடைக்கும், பனியில் வழுக்கும். கெட்ட கலவையை எந்தச் சீலரும் நல்லதாக்காது.

கேள்வி: புதுத் தளத்தில் அங்கங்கே காசு அளவுக்குக் கூம்புக்குழிகள். அடியில் உடைந்த ஒரு கல் தெரிகிறது. தளம் போய்விட்டதா?

இல்லை. மேற்பரப்புக்கு அருகில் அகப்பட்ட, நீர் உறிஞ்சும் மென்கல் உறைந்து வெடித்திருக்கிறது. பார்க்க அசிங்கம், பலத்துக்குக் குறைவில்லை. கண்ணை உறுத்தினால் குழியைச் சுத்தம் செய்து, பாலிமர் கலந்த ஒட்டுக் கலவை வைத்து அடைத்துவிடுங்கள். நிறம் மட்டும் சற்று மாறித் தெரியும்.