கடற்காற்று அடித்தும் இறால் குஞ்சு வலையில் இல்லையே?

அன்புள்ள ஐயா,

மிதவை உயிரிகள் (கடல்நீரில் மிதந்து அலையும் நுண்ணுயிர்களும் குஞ்சுகளும்) காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் போகும் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே சித்திரையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று பலமாக அடிக்கிறது. கல்லூரி ஆய்வுக்காக மாலை நான்கு மணிக்குக் கொள்ளிடம் முகத்துவாரத்துக்கு வெளியே 200 மைக்ரான் (0.2 மில்லிமீட்டர்) கண்ணியுள்ள வலை இழுத்தால், மரத்தூள் மாதிரிப் பழுப்புத் தூசிதான் நிறைகிறது. இறால் குஞ்சு ஒன்றிரண்டுதான். எல்லாமே கரைக்கு ஒதுங்க வேண்டாமா?

வாசகர், பழையாறு

அன்புள்ள நண்பருக்கு,

காற்று தள்ளுவது மேல்நீரை. அது அடிக்கிற நேரத்தில் மேலே இருப்பது எது என்று பாருங்கள்.

காற்றின் வேகத்தில் சுமார் 3 சதவீதம் மேல்நீருக்குக் கிடைக்கும். நொடிக்கு 7 மீட்டர் காற்றுக்கு மணிக்கு முக்கால் கிலோமீட்டர். ஆழ்கடலில் பூமியின் சுழற்சி அந்த ஓட்டத்தை வலப்பக்கம் திருப்பிவிடும். பத்து மீட்டரே ஆழமுள்ள கரையோரக் கடலில் அந்தத் திருப்பம் குறைவு. மேல்நீர் ஏறக்குறையக் காற்றோடே கரைக்கு வந்து, அடிப்பக்கமாகக் கடலுக்குத் திரும்பும்.

உங்கள் தூசி டிரைக்கோடெஸ்மியம் என்ற நீலப்பச்சைப்பாசியாகத்தான் இருக்கும். உள்ளே வாயு நுண்ணறைகள் இருப்பதால் நல்ல வெயிலிலும் மிதக்கும், கரைக்கு வந்து சேரும். இறால் லார்வாக்களும் (இளம் குஞ்சுகள்) கோபிபாடுகள் என்ற நுண்ணிய ஓட்டுயிரிகளும் பெரும்பாலும் பகலில் கீழே, இரவில் மேலே. நொடிக்கு அரை சென்டிமீட்டர் நீந்தினாலே பத்து மீட்டரை அரைமணி சொச்சத்தில் ஏறிவிடலாம். ஓட்டத்தை எதிர்க்க இந்த நீச்சல் போதாது. எந்த ஓட்டத்தில் ஏறுவது என்று தீர்மானிக்கப் போதும்! அவை மேலே வரும்போது கடற்காற்று தணிந்திருக்கும், பின்னிரவில் கரைக்காற்றே வீசும். பகலிலோ அடிநீர் வெளியே இழுக்கும்.

முகத்துவாரத்துக்குள் நுழையும் பருவத்துக் குஞ்சுகள் வேறு வழி பார்க்கும். கடல் ஓதம் ஏறும்போது உப்பும் அழுத்தமும் கூடுவதை உணர்ந்து மேலெழும்பும், வடியும்போது தரையோடு ஒட்டிக்கொள்ளும். இப்படி ஓதத்துக்கு ஓதம் உள்ளே நகரும்.

ஆகவே நேரத்தை மாற்றுங்கள். இருட்டிய பிறகு, ஓதம் ஏறும் வேளையில் இரண்டு வலை: ஒன்று மேல்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே, ஒன்று தரைக்கு அரை மீட்டர் மேலே. வடியும்போதும் அதே மாதிரி. குஞ்சுக்கு 500 மைக்ரான் கண்ணி போதும். வலைவாயில் ஃப்ளோமீட்டர் (உள்ளே போன நீரை அளக்கும் கருவி) கட்டாயம் வேண்டும். அரை மீட்டர் விட்டமுள்ள வலையை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஐந்து நிமிடம் இழுத்தால் கணக்குப்படி 59 கனமீட்டர் நீர் வடிய வேண்டும். பாசி கண்ணியை அடைத்துவிட்டால் நீர் உள்ளே போகாமல் வாயிலேயே பிதுங்கி விலகும். கிடைத்த குஞ்சுகளை அப்போதும் 59ஆல் வகுத்தீர்களானால், கனமீட்டருக்கு எத்தனை என்ற எண்ணிக்கை குறைவாக வரும். உங்கள் மாலை மாதிரிகளிலும் அது நடந்திருக்கலாம். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் வலையை வெளிப்புறமிருந்து அலசுங்கள்.