சட்டம் பின்னால் வந்தது

கேள்வி: நியூசிலாந்தின் ஆட்சிமொழிகள் எவை? சட்டம் போட்டு ஆட்சிமொழி ஆக்கியதால்தானே அந்நாட்டுப் பூர்வகுடிகளின் மாவோரி மொழி பிழைத்தது?

பதில்: சட்டம் இயற்றி முதலில் அந்தத் தகுதி பெற்றவை இரண்டு: 1987இல் மாவோரி, 2006இல் நியூசிலாந்து சைகைமொழி. பட்டியலில் ஆங்கிலத்தைத் தேடாதீர்கள். கோப்பு, கோர்ட், கஜானா எல்லாம் கையில் இருந்ததால் அதற்குச் சட்டத்தின் தயவு தேவைப்படவில்லை. 2023இல் அமைந்த கூட்டணிதான் ஆங்கிலத்துக்கும் ஒரு சட்டம் போடுவதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டது. யானைக்கு ஊன்றுகோல்!

உங்கள் இரண்டாவது கேள்வி வண்டியைக் குதிரைக்கு முன்னால் பூட்டுகிறது. 1867ஆம் ஆண்டுச் சட்டம் மாவோரிப் பிள்ளைகளின் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கியது. தாய்மொழியில் பேசியதற்காக அடி வாங்கிய பிள்ளைகள் பலர். அப்படியும் 1913இல் மாவோரி மாணவரில் 90 விழுக்காட்டினருக்கு அம்மொழி பேசத் தெரிந்திருந்தது, வீடு காப்பாற்றியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன, வீட்டுமொழியும் மாறியது. 1953இல் 26 விழுக்காடு. 1975இல் 5கூட இல்லை.

1972இல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு, பள்ளிகளில் மாவோரி கற்பிக்கக் கோரும் மனு நாடாளுமன்றத்துக்குப் போனது. 1982இல் வெலிங்டன் அருகே வைநூயோமாட்டாவில் முதல் ‘கோஹங்கா ரேஓ’ திறந்தார்கள். மொழி தெரிந்த பாட்டி தாத்தாக்கள், பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளோடு நாள் முழுக்க மாவோரியிலேயே புழங்கும் இடம் அது. ஐந்து வயதில் ஆங்கிலப் பள்ளிக்குப் போன குழந்தைகள் கற்றதை உதிர்க்கத் தொடங்கியதும், பெற்றோரே 1985இல் ஆக்லாந்தில் மாவோரிவழிப் பள்ளி தொடங்கினர். சட்டம் வந்தது அதற்கும் இரண்டாண்டு கழித்து.

அந்தச் சட்டமாவது தாராளமானதா? அதற்கு முன், 1980இல், ஆங்கிலம் தெரிந்தவருக்கு நீதிமன்றத்தில் மாவோரியில் பேசும் உரிமை இல்லை என்று தீர்ப்பானது. அந்த வழக்கில் அலசப்பட்ட சட்டங்களில் ஒன்று 1362ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டம். பிரெஞ்சு புரியாத சாமானியர்களுக்காக, வழக்கை ஆங்கிலத்தில் நடத்தச் சொன்னது! 1987 சட்டம் நீதிமன்றத்தில் மாவோரி பேசும் உரிமையைத் தந்தது. ஆனால் அதே மொழியில் பதில் கேட்கும் உரிமையைத் தரவில்லை. வரி அலுவலகம், அஞ்சலகம் பற்றி அதில் பேச்சே இல்லை.

இன்றும் ஒழுகும் இடம் வீடுதான். பாட்டிக்குத் தெரியும், பேரனுக்குத் தெரியும். நடுவில் உள்ள பெற்றோருக்குத் தெரியாது. வாரம் 25 மணி நேரப் பள்ளியில் முழுவதும் மாவோரி கேட்ட பிள்ளை, வீட்டுக்கு வந்து சோறு கேட்பது ஆங்கிலத்தில். தேர்ந்த ஆசிரியர்களுக்கும் பஞ்சம். 1993இல் எண்ணூறைத் தாண்டியிருந்த கோஹங்காக்கள் பிறகு குறைந்தன. மழலையர் கல்வி விதிகளுக்குள் அவற்றைத் திணித்ததும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

2023 கணக்கெடுப்பில் மாவோரியில் உரையாட முடிந்தவர்கள் மக்கள்தொகையில் சுமார் 4.3 விழுக்காடு. 2040க்குள் பத்து லட்சம் பேர் ஓரளவாவது பேச வேண்டும் என்பது அரசின் இலக்கு. அதைவிட, பதினைந்து வயதுக்கு மேற்பட்ட மாவோரிகளில் ஒன்றரை லட்சம் பேர் ஆங்கிலத்துக்குச் சமமாக அதைப் புழங்க வேண்டும் என்ற மற்றோர் இலக்கைத்தான் நான் கவனிப்பேன். 2016ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டில் மொழியை வளர்க்கும் பொறுப்பை ‘தெ மாத்தாவை’ என்ற அமைப்புக்குத் தந்தது. பதின்மூன்று உறுப்பினரில் அமைச்சர் நியமிப்பது இருவரை மட்டுமே. மற்ற பதினொருவரும் மாவோரித் தரப்பின் தேர்வு.